பத்து மீட்டர் ஏர் ரைபிளுக்குப் பெல்லட் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் நாங்கள் சுடப் பழகும் கூடத்துக்குப் புதிதாக வருகிற பெற்றோர் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, எந்தப் பெல்லட் நல்லா இருக்கும்?" பெல்லட் என்பது ஏர் ரைபிளில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டு. இந்தக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட முடியாது. எது நல்ல பெல்லட் என்பதை முடிவு செய்வது அந்த ரைபிளின் பேரல், அதாவது குண்டு ஓடி வெளியே வரும் குழாய். ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டு ரைபிள் இருந்தாலும், ஒன்றுக்கு ஒத்துவருகிற பெல்லட் மற்றதற்கு ஒத்துவராமல் போகலாம். அதனால் பெயருக்குப் பதிலாக, பேரலிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறையை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். அம்பாசமுத்திரம், களக்காடு பக்கத்திலிருந்து வருகிறவர்களில் சிலர், மலையில் தூரத்தில் நிற்கிற மிருகத்துக்கு எந்தக் குண்டு சரிவரும் என்று கேட்பதுண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஏர் கன்னால் மயிலைச் சுட்டாலும் முயலைச் சுட்டாலும் அது வேட்டைதான். மேற்கே நிற்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அந்த மலைகளில் உலவுகிற வரையாடு நம் மாநில விலங்கு. காட்டுப்பன்றி வயலை அழிக்கிறது என்றால் போக வேண்டிய இடம் வனத்துறை அலுவலகம். இங்கே எழுதியிருப்பது காகிதக் குறி அட்டையில் சுடுவதற்கு மட்டும்.

1. இந்தச் சோதனை உங்களுக்கு இப்போது தேவையா?

பத்து மீட்டர் ரைபிள் அட்டையில் பத்தாம் வளையம் என்பது 0.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைத்துவிடும். அதாவது, பெல்லட்டின் நடு அட்டையின் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். அங்கிருந்து உள்ளே போகப் போக ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் 0.1 கூடும். உச்சம் 10.9. போட்டியில் 60 குண்டு, எல்லாமே 10.9 என்றால் 654.0.

ஒத்துவராத பெல்லட்டால் குண்டுக்குச் சராசரியாகக் கால் மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால், 60 குண்டுக்கு 6 புள்ளி போய்விடும். மாநிலப் போட்டியில் அது பெரிய இழப்பு.

ஆனால் உங்கள் பிள்ளையின் குண்டுகள் இன்னும் ஏழுக்கும் பத்துக்கும் இடையே சிதறுகின்றன என்றால், இந்தச் சோதனை இப்போது வேண்டாம். கை ஆட்டமே பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் இருக்கும்போது பெல்லட்டின் ஒரு மில்லிமீட்டர் அதில் கரைந்துபோகும். நடுத்தர விலையில் தட்டைத் தலை பெல்லட் ஒன்றை வாங்கி அதிலேயே பழகட்டும். அட்டையில் குண்டுகள் ஒன்பதுக்குள் நிலைத்து, சராசரி பத்தை எட்டத் தொடங்கியதும் இந்தப் பக்கம் வாருங்கள். இங்கேதான் நிறையப் பெற்றோர் அவசரப்படுகிறார்கள். டிரிகரை வெடுக்கென்று இழுக்கும் பழக்கத்தை விலை கூடிய டின்னால் சரிசெய்ய முடியாது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- சோதிக்கப்போகும் பெல்லட் டின்கள் மூன்று, மிஞ்சினால் நான்கு
- பேரல் துடைக்கும் ஃபெல்ட் துண்டுகள், அவற்றைத் தள்ளும் கம்பி அல்லது இழுக்கும் கயிறு
- நல்ல கனமுள்ள மேசை, மணல் பை இரண்டு (கிளாம்ப் இருந்தால் இன்னும் நல்லது)
- ஒரே கட்டிலிருந்து எடுத்த புது அட்டைகள், ஐம்பதாவது
- வெர்னியர் காலிப்பர் (மில்லிமீட்டரின் சிறு பங்கையும் அளக்கும் கருவி)
- முழுக் காற்று நிரப்பிய ரைபிள் சிலிண்டர்
- ஒரு நோட்டு

நோட்டு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். "எனக்கு ஞாபகம் இருக்கும்" என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் மூன்றாவது அட்டையிலேயே எது எந்த டின் என்று குழம்பினார்கள். அட்டையைத் தொங்கவிடும் முன்பே அதன் மூலையில் டின்னின் பெயர், லாட் எண் (ஒரே தடவையில் செய்த சரக்குக்குக் கம்பெனி போடும் எண்), சுற்று எண் மூன்றையும் எழுதிவிடுங்கள். சுட்ட பிறகு எழுதினால் தப்பு வரும்.

3. டின்னைப் படிக்கப் பழகுங்கள்

டின்னில் பார்க்க வேண்டியவை நான்கு: வடிவம், எடை, தலை அளவு, லாட் எண்.

வடிவம் தட்டைத் தலையாக இருக்க வேண்டும். அட்டையில் வட்டமாக, சுத்தமாக வெட்டித் துளை போடுவது அதுதான். கூர்முனை பெல்லட்டும் உருண்டைத் தலை பெல்லட்டும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ஓரம் எங்கே தொட்டது என்றே தெரியாது. கடைக்காரர் "கூரா இருந்தா நேராப் போகும்" என்று சொன்னாலும் வாங்காதீர்கள். பத்து மீட்டரில் கூர்முனையால் ஒரு பயனும் இல்லை.

எடையைப் பொறுத்தவரை, ரைபிளுக்கு என்று விற்பவை பெரும்பாலும் 0.53 கிராம், அதாவது 8.2 கிரெயின். 0.45 கிராம் மாதிரி லேசானவை பிஸ்டலுக்காகச் செய்தவை. இரண்டு டின்னும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எண்ணைப் படித்து வாங்குங்கள். அதற்காக, லேசானதை ரைபிளில் போடவே கூடாது என்றில்லை. சில பேரலில் அதுவும் நன்றாகவே போகும்.

தலை அளவு 4.48, 4.49, 4.50, 4.51, 4.52 என்று மில்லிமீட்டரில் டின்னில் ஒட்டியிருக்கும். பெல்லட்டுக்கு முன்னால் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் குழிவான மெல்லிய விளிம்பு. காற்று பின்னால் தள்ளும்போது அந்த விளிம்பு விரிந்து பேரலை அடைத்துக்கொள்ளும். தலையோ பேரலின் சுருள் வரிகளைப் பிடித்துக்கொண்டு சுழன்று போகும். தலை சிறுத்தால் பிடிமானம் தளரும், பெருத்தால் இறுகி நசுங்கும். உங்கள் பேரலுக்கு எந்த அளவு என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக, புதியவர்கள் கண்ணில் படாமலே போகும் லாட் எண். டின்னின் அடியிலோ ஸ்டிக்கரிலோ இருக்கும். பெல்லட்டை அடிக்கும் அச்சு தேயத் தேய அளவு நுணுக்கமாக மாறும். அச்சை மாற்றினாலும் மாறும். அதனால் ஒரே பெயர், ஒரே தலை அளவு என்றாலும் லாட் மாறினால் அதை வேறு பெல்லட்டாகவே எண்ணுங்கள். எங்கள் கூடத்தில் ஒரு பையன் ஒரு மாதம் முழுக்கத் தான் நிற்கும் நிலையைத்தான் தப்பு என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பார்த்தால் புது டின்னின் லாட் வேறு.

4. எதையெல்லாம் சோதனைக்கு எடுப்பது

எட்டுப் பத்து டின்னை வாங்கிக் குவிக்க வேண்டாம். காசும் போகும், கடைசியில் எதையும் ஒழுங்காகச் சுட்டிருக்க மாட்டீர்கள்.

நான் சொல்வது இதுதான்: 0.53 கிராமில், இரண்டு வேறு கம்பெனியிலிருந்து, 4.49 அல்லது 4.50 தலையில் ஆளுக்கொன்று. மூன்றாவதாக, நீங்கள் இப்போது பழகிக்கொண்டிருக்கும் பெல்லட். ஒப்பிட அது கட்டாயம் இருக்க வேண்டும். ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், செக் நாட்டின் ஜே.எஸ்.பி. ஆகியவற்றின் போட்டிப் பெல்லட்டுகள் நம் ஊர்க்காரர்கள் கையில் அதிகம் புழங்குகின்றன. உடன் சுடுகிறவர்களிடம் ஆளுக்கு ஐம்பது பெல்லட் மாற்றிக்கொண்டால் முழு டின் வாங்காமலே சோதித்துவிடலாம். லாட் எண்ணை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. ரைபிளைத் தயார் செய்யுங்கள்

பெல்லட்டைக் கையில் எடுக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். ரைபிளில் குறை இருந்தால் சோதனை முழுவதும் அந்தக் குறையைத்தான் அளக்கும்.

முதலில் திருகுகள். பேரலையும் ஆக்ஷனையும் (பெல்லட்டை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதி) கட்டையோடு பிடிக்கும் திருகு, குறிபார்க்கும் பின்சைட், முன்சைட் எல்லாம் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து பேரல். ஃபெல்ட் துண்டைப் பின்பக்கமிருந்து தள்ளி, வெளுப்பாக வரும்வரை துடையுங்கள். ஈயக் கசடு படிந்த பேரலில் எந்தப் பெல்லட்டும் தன் குணத்தைக் காட்டாது.

துடைத்த உடனே சோதனையைத் தொடங்கக் கூடாது. துடைத்த பேரலில் முதல் பத்து இருபது குண்டு இடம் மாறி மாறி விழும். உள்ளே மெல்லிய ஈயப் பூச்சு ஒன்று படிந்த பிறகுதான் நிலைக்கும். இருபது குண்டை எதையாவது பார்த்துச் சுட்டுத் தள்ளுங்கள்.

சிலிண்டர் அழுத்தம் முள் காட்டும் வேலை எல்லைக்குள் இருக்கட்டும். அது இறங்கிப்போனால் குண்டின் வேகம் குறையும். அட்டையில் குண்டுகள் மேலும் கீழுமாக நீண்டு விழும். புதியவர்கள் அதைப் பார்த்துப் பெல்லட் சரியில்லை என்று எழுதிவிடுவார்கள். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் யாரிடமாவது இருந்தால் வேகத்தையும் பாருங்கள். போட்டி ரைபிள் ஏறக்குறைய வினாடிக்கு 170 மீட்டரில் சுடும். குண்டுக்குக் குண்டு அது தாவினால் பெல்லட்டை விட்டுவிட்டு ரைபிளைச் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

ஒடித்து ஏற்றும் ஸ்பிரிங் ஏர் கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதை கிளாம்பில் இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஸ்பிரிங் உள்ளே பாயும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும். இறுக்கினால் அந்த உதைப்பு வேறு மாதிரி ஆகி, நீங்கள் கையில் பிடித்துச் சுடுவதற்கும் சோதனைக்கும் சம்பந்தமே இல்லாமல் போகும். மணல் பையின் மேல் உள்ளங்கையை வைத்து, அதன் மேல் துப்பாக்கியைத் தளர்வாக வைத்துச் சுடுங்கள்.

6. காற்றைத் தடுங்கள்

கூடத்துக்குள்தானே சுடுகிறோம், காற்று என்ன செய்யும் என்று நினைக்கிறோம். பத்து மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு வினாடியில் பதினாறில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது, உண்மை. ஆனால் அரை கிராம் எடையும் தட்டை மூஞ்சியுமான பெல்லட் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், காற்றுக்கு எளிதில் வளைந்து கொடுக்கும். வழி முழுக்க வினாடிக்கு ஒரு மீட்டர் குறுக்குக் காற்று வீசினால், அட்டையில் சுமார் 3 மி.மீ. தள்ளிவிடும். நடுவில் விழ வேண்டிய 10.9, ஒன்பதுக்குப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வினாடிக்கு ஒரு மீட்டர் என்பது முகத்தில் பட்டும் படாத காற்று. ஆனி ஆடியில் பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலை சுற்றும் நாட்களில், மாடியில் தகரக் கொட்டகை போட்ட கூடங்களில் இதைவிட அதிகமாகவே உள்ளே நுழையும். பக்கத்து ஜன்னல்களைச் சாத்துங்கள். மின்விசிறியை, முக்கியமாக ஸ்டாண்ட் ஃபேனை, நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் வியர்த்து ஊற்றும், தெரியும். அதனால்தான் விடியற்காலையில் ஆறு மணிக்கு ஆரம்பிக்கச் சொல்கிறேன். காற்றும் அடங்கியிருக்கும், உடம்புக்கும் சுகம்.

தூரத்தை டேப்பால் அளந்து 10 மீட்டர் வையுங்கள். அட்டையில் படும் வெளிச்சம் முதல் குண்டிலிருந்து கடைசிக் குண்டு வரை மாறாமல் இருக்கட்டும்.

7. சுடும் வரிசை

நின்ற நிலையில் சுடாதீர்கள். நின்று சுட்டால் நீங்கள் அளப்பது உங்களை, பெல்லட்டை அல்ல. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகும் பாதிப் பேர் "நான் நின்னுதானே போட்டியில சுடப்போறேன்" என்று நின்றே சுடுகிறார்கள். போட்டிக்கு நில்லுங்கள். இன்று உட்கார்ந்து, மேசையில் ஊன்றிச் சுடுங்கள்.

வரிசை இப்படி:

அ. முதல் டின்னில் ஐந்து குண்டு, கணக்கில்லாத அட்டையில். முந்தைய பெல்லட் விட்டுப்போன பூச்சு மாறுவதற்காக.
ஆ. அதே டின்னில் பத்து குண்டு, பெயர் எழுதிய அட்டையில், ஒரே துளையைக் குறிவைத்து.
இ. இரண்டாவது டின்னில் இதே மாதிரி. பிறகு மூன்றாவது.
ஈ. மறுபடி முதல் டின்னிலிருந்து. இப்படி மூன்று சுற்று.

ஒரு டின்னின் முப்பது குண்டையும் ஒரே மூச்சில் சுட்டுவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. காலையில் கண் தெளிவாக இருக்கும், போகப் போகக் களைக்கும், சிலிண்டரும் இறங்கும். கடைசியாகச் சுட்ட டின்தான் பாவம், எல்லாக் குறையையும் அதன் தலையில் கட்டிவிடுவோம். சுற்றிச் சுற்றிச் சுட்டால் களைப்பு மூன்றுக்கும் சமமாகப் போய்ச் சேரும்.

குண்டு வெளியேறும்போதே கை ஆடியது தெரிந்தால், அட்டையைப் பார்க்கும் முன் "இது என் தப்பு" என்று நோட்டில் எழுதி, அந்தக் குண்டைத் தனியாகக் குறியுங்கள். அட்டையைப் பார்த்துவிட்டு, தள்ளி விழுந்ததை மட்டும் "அது நான்தான்" என்று கழிப்பது உங்களையே ஏமாற்றிக்கொள்வது. பிடித்த டின்னுக்குத்தான் அந்தச் சலுகையைக் கொடுப்போம்.

பெல்லட்டைப் பேரலில் வைப்பதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கட்டைவிரலால் மெதுவாக, நேராக. அழுத்திக் குத்தினால் பின்விளிம்பு ஒருபக்கம் நசுங்கும். கீழே விழுந்த பெல்லட்டை எடுத்து ஊதிப் போட்டுச் சுடாதீர்கள், குப்பையில் போடுங்கள்.

8. அளப்பது

புள்ளிகளைக் கூட்டாதீர்கள்! புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு இது. ஒவ்வொரு பெல்லட்டும் அட்டையில் சற்றே வேறு இடத்தில் போய்க் கூடும். ஒன்று பத்தில், இன்னொன்று எட்டில் கூடலாம். எட்டில் கூடியதைச் சைட்டைத் திருப்பிப் பத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறலைச் சைட்டால் சரிசெய்ய முடியாது. நாம் அளக்க வேண்டியது குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதை மட்டும்.

பத்துக் குண்டும் சேர்ந்து போட்ட துளையின் மிக அகலமான இடத்தை, ஓரத்திலிருந்து ஓரம் வெர்னியரால் அளங்கள். பிறகு அதே அட்டையில் வேறொரு மூலையில் ஒற்றைக் குண்டு சுட்டு, அந்தத் துளையை அளந்து கழியுங்கள். 4.5-ஐ அப்படியே கழிக்காததற்குக் காரணம், காகிதத் துளை சற்றுச் சுருங்கும். பெரிய துளை 5.9, ஒற்றைத் துளை 4.4 என்றால் சிதறல் 1.5 மி.மீ.

இனிதான் நிதானம் வேண்டும். ஒரு டின்னின் மூன்று சுற்றும் 1.3, 1.7, 1.5 என்றும், இன்னொன்று 1.6, 1.4, 1.7 என்றும் வந்தால் இரண்டும் ஒன்றுதான். விலை குறைந்ததை எடுங்கள். மூன்றாவது 2.4, 2.1, 2.6 என்றால் மூன்று சுற்றிலும் விலகி நிற்கிறது, அதை விட்டுவிடலாம். ஒரே ஒரு அழகான அட்டையை மொபைலில் படமெடுத்து அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பத்துச் சுற்றுச் சுட்டால் எந்தப் பெல்லட்டும் ஒரு தடவை அழகாகக் கூடும்.

தராசில் ஒவ்வொரு பெல்லட்டாக நிறுத்துப் பிரிக்கலாமா என்று கேட்பார்கள். போட்டித் தரப் பெல்லட்டில் அதற்கான உழைப்புக்கு ஈடான பலனை நான் பார்த்ததில்லை. வெள்ளைத் துணியில் கொட்டி, பின்விளிம்பு நசுங்கியதைப் பொறுக்கி எறிந்தாலே போதும்.

9. வாங்குவது

ஜெயித்தது எதுவோ, அதே லாட்டில் மொத்தமாக வாங்குங்கள். சோதனையின் பலன் முழுவதும் இதில்தான் இருக்கிறது. சோதித்த லாட்டை விட்டுவிட்டு வேறு லாட் வாங்கினால் காலை முழுக்க உழைத்தது வீண்.

எவ்வளவு வாங்குவது? வாரம் ஐந்து நாள், நாளுக்கு 80 குண்டு என்றால் வாரத்துக்கு 400, வருஷத்துக்குச் சுமார் 20,000. டின்னுக்கு 500 என்றால் 40 டின். எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் இரண்டாகப் பிரியுங்கள்: ஜெயித்த லாட்டைப் போட்டிக்கும், போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும். மற்ற நாட்களுக்கு, பேரலில் ஓரளவு ஒழுங்காகப் போன மலிவான ஒன்று. போட்டியன்று காலையில்தான் நல்ல பெல்லட்டுக்கு மாறுவது தப்பு. குண்டு கூடும் இடம் மாறியிருக்கும். சைட்டர் நேரம், அதாவது கணக்கில் சேராத குண்டுகளைச் சுட்டுச் சைட்டைச் சரிசெய்யும் நேரம், முழுக்க அதைத் துரத்துவதிலேயே போய்விடும்.

வெளியூரிலிருந்து வரவழைத்தால் பணம் அனுப்பும் முன்பே லாட் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு ஒரு கடையிலிருந்து "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று வேறு லாட் வந்து சேர்ந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

10. நம் ஊர் ஈரத்தில் வைத்துக்கொள்வது

ஈயம் ஈரக்காற்றில் வெளுத்துப் பொடி பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், தென்காசிப் பக்கம் சாரல் காலத்திலும், தூத்துக்குடியின் உப்புக் காற்றிலும் திறந்த டின் சீக்கிரமே பூத்துவிடும். பொடி பூத்த பெல்லட்டின் அளவும் மாறிவிடும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த டின்னை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த ஈயத்தின் மேல் நீர் பூத்துக்கொள்ளும். அரை மணி நேரம் வெளியில் இருக்கட்டும்.

பஸ்ஸில் போகும்போது டின்னைப் பையில் குலுங்கவிடாதீர்கள். மேலே ஒரு மெல்லிய ஸ்பாஞ்சை வைத்து மூடினால் பின்விளிம்பு நசுங்காது.

பிள்ளைகள் விஷயத்தில் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பெல்லட்டை வாயில் வைக்கக் கூடாது, சுடும் மேசையில் தின்பண்டம் கூடாது, முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஈயம் உடம்பில் சேரும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். பார்த்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

11. மறுபடி எப்போது சோதிப்பது

லாட் தீர்ந்து புதியது வரும்போது, பேரலை மாற்றினால், ரைபிள் சர்வீஸிலிருந்து திரும்பி வேகம் மாறியிருந்தால். இந்த மூன்றுக்கும் முழுச் சோதனை தேவை. புது லாட்டுக்குப் பழைய லாட்டில் மிச்சம் வைத்த நூறு பெல்லட்டையும் பக்கத்தில் வைத்துச் சுடுங்கள். ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. அதனால் கடைசி டின் பாதியாகும்போதே அந்த நூறை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, மேலே தேதியும் லாட் எண்ணும் எழுதி வைத்துவிடுங்கள்.